அலுவலகக் கடிதங்களில் இலக்கணப் பிழைகளைத் தவிர்ப்பது எப்படி?

அலுவலகக் கடிதங்களைத் தமிழில் எழுதும்போது அடிக்கடி நேரும் பிழைகள் எவை, அவற்றை எப்படித் தவிர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், சந்திப்பிழையைவிட அதிகக் குழப்பம் தருவது எழுவாயும் பயனிலையும் இயையாமல் போவதுதான். ‘தாங்கள் அனுப்பிய பொருள்களின் விலைப்பட்டியல் கிடைத்தன’ என்று எழுதுகிறவர், அருகிலுள்ள ‘பொருள்கள்’ என்னும் பன்மையில் மயங்கிவிடுகிறார். வந்து சேர்ந்தது பட்டியல் என்பதால் ‘கிடைத்தது’ என்றே வாக்கியம் முடிய வேண்டும். வாக்கியம் நீளும்போது, வினைமுற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ‘எது?’, ‘யார்?’ என்று கேட்டுப் பார்த்தால் எழுவாய் அகப்பட்டுவிடும். ‘ஒவ்வொரு கிளைகளிலும்’ என்பதும் இதே இனம்தான். ‘ஒவ்வொரு’ வந்தால் ‘கிளையிலும்’ என ஒருமையே வரும்.

சந்தியைப் பொறுத்தவரை, ‘ஐ’, ‘கு’ ஆகிய உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்துகள் வந்தால் ஒற்று மிகும் என்பதை நினைவில் வைத்தாலே பெரும்பாலான பிழைகள் குறையும்: ‘கடிதத்தைப் பெற்றோம்’, ‘நிறுவனத்திற்குத் தெரிவித்தோம்’. ‘தங்களுடன் பேசினோம்’ என்பதில் மிகாது. சிலர் எச்சரிக்கை மிகுந்து ‘பயிற்ச்சி’, ‘முயற்ச்சி’ என்றும் எழுதிவிடுகிறார்கள். ‘ற்’ என்பதை அடுத்துப் புள்ளி வைத்த இன்னொரு மெய் வராது.