தம்பி, முதலில் காலிங் பெல்லில் பெயரை ஒட்டுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, வீட்டிலிருந்தே வேலை, எந்தக் கம்பெனி இன்டர்நெட் போடலாம், எந்த ரவுட்டர் நல்லது, மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பாலக்கோடு. பக்கத்து ஊர்க்காரர் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கம்பெனி எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் விலாசத்துக்கு எது கிடைக்கும் என்று அவர்கள் தளத்தில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரவுட்டரும் அவர்கள் கொடுப்பதைத்தான் வைக்க வேண்டும் என்றில்லை, 2016 ஆகஸ்டிலிருந்து சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள உரிமை உண்டு. நான் சொல்ல வந்தது காலிங் பெல் பற்றி.

இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. கீழே வாசலில் வரிசையாகப் பெல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடும்பப் பெயர், அதுதான் விலாசம். 2014 நவம்பரில் வந்தபோது இது எனக்குத் தெரியாது. விண்ணப்பித்து ஐந்து வாரம் கழித்துத்தான் டெக்னீஷியன் வரும் நாள் கிடைத்தது, காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவார் என்று கடிதம். பாத்ரூம் போனால்கூடப் பெல் சத்தம் கேட்காதோ என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்குப் போன் செய்தால், ஆள் வந்தார், அந்தப் பெயரில் அங்கே யாருமில்லை, திரும்பிவிட்டார் என்கிறார்கள். பெல்லில் பழைய வாடகைக்காரர் பெயர்தான் இருந்தது. அடுத்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம். அதுவரை நூலகத்து இலவச வைஃபையில் வேலை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மூடிவிடுவார்கள். பெங்களூர் டீமோடு பேச வேண்டுமென்றால் குளிரில் வாசல்படியில் நின்று பேசுவேன்.

இப்போது சட்டம் பரவாயில்லை. 2021 டிசம்பரிலிருந்து, சொன்ன நாளில் டெக்னீஷியன் வராமல் போனால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பெல்லில் பெயர் இல்லையென்றால் தப்பு உங்கள் மேல், ஒன்றும் கிடைக்காது. தபால் பெட்டியிலும் ஒட்டுங்கள், ரவுட்டர் பார்சலும் அதே கதைதான்.

அப்புறம் ஒப்பந்தம். 24 மாதத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான் பார்ப்பார்கள். 12 மாத ஒப்பந்தமும் அவர்கள் கொடுத்தாக வேண்டும், வாய்விட்டுக் கேட்டால்தான் காட்டுவார்கள். இப்போதிருப்பது தற்காலிக வீடு என்றால் இரண்டு வருடத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள். டவுன்லோடு வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், நீங்கள் சின்ன எழுத்தில் இருக்கும் அப்லோடைப் பாருங்கள். மீட்டிங்கில் நம் முகமும் குரலும் அதில்தான் போகின்றன. போன் கம்பி வழியாக வரும் டிஎஸ்எல் இணைப்பில் பொதுவாக டவுன்லோடு 50 எம்பிபிஎஸ் என்றால் அப்லோடு 10, 100 என்றால் 40 என்று இருக்கும்.

ஹாட்ஸ்பாட்டே போதும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடித்துச் சொல்பவர்கள் வாரம் மூன்று நாள் ஆபீஸ் போகிறவர்கள். பழைய கட்டடத்துத் தடிச் சுவருக்குள் நாள் முழுக்க அதை வைத்து வேலை பார்த்தால் தெரியும். இன்னொரு கூட்டம் இருக்கிறது, பத்து வருடமாகியும் ஜெர்மனியில் நெட்டே சரியில்லை என்று புலம்பும், போய்ப் பார்த்தால் ரவுட்டர் ஷூ அலமாரிக்குள் இருக்கும். போன் இணைப்பு பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் இருக்கும் நடைப் பக்கம்தான் வரும், மேசையோ படுக்கையறையில் இருக்கும். வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டார் எல்லோரும் அதிலேயே நெரிசலாக நிற்பார்கள். ஒரு பதினைந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கிச் சுவரோரம் இழுத்துவிடுங்கள், தீர்ந்தது. என் வீட்டில் நானே சுவரைத் துளைத்துக் கேபிள் போட்டிருக்கிறேன், ஊரில் பல்பு மாட்டக்கூட ஆள் கூப்பிட்டவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிரில்லைத் தொடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி போலீசுக்கே போன் செய்வார்.

நெட் வந்த உற்சாகத்தில் புதுப்படத்தை டோரண்டில் இறக்கிவிடாதீர்கள். இறக்கும்போதே அது அடுத்தவருக்கு ஏற்றவும் செய்கிறது, அதைப் பிடித்துத்தான் வக்கீல் கடிதம் வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே படத்துக்கு எண்ணூறு யூரோவுக்கு மேல் கட்டினார்.

வைஃபையை இங்கே 'வேலான்' (WLAN) என்பார்கள். முதல் நாள் ஆபீஸில் "வேலான் இருக்கிறதா" என்று ஒருவர் கேட்டபோது, நம் ஆள் வேலன் யாரோ இங்கே வேலை செய்கிறார் என்றே நினைத்தேன்.

மறந்துவிட்டேன், பெல்லில் என்ன பெயர் போடுவது? பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் இருப்பதை, அதாவது பெரும்பாலும் அப்பா பெயரை. எனக்கும் அப்படித்தான். இரண்டாவது முறை வந்த டெக்னீஷியன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது, தக்காளி மண்டியில் கேட்டால் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். நெட் வந்த அன்று முதல் வேலையாக அந்தப் பெல்லைப் போட்டோ எடுத்துத் தங்கை போனுக்கு அனுப்பினேன். "வாடகை வீட்டுல போயி என் பேரை எதுக்குடா எழுதி வெச்ச?" என்று அப்பா திட்டினார். மறுநாள் தங்கையின் போனை வாங்கிக்கொண்டு மண்டிக்குப் போனவர் மத்தியானம்தான் திருப்பிக் கொடுத்தாராம்.