புலனாய்வு யாருடைய வேலை? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் நாளிதழ் ஒன்றில் நிருபராக இருக்கிறேன். நீதிமன்றச் செய்திகளும் நிர்வாகச் செய்திகளும் என் பொறுப்பு. ஊடகங்களும் மக்களாட்சியும் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், புலனாய்வு இதழியல் இல்லாத நாட்டில் தேர்தல் வெறும் சடங்காகிவிடும் என்று சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்தபின் சில கேள்விகள் எழுந்தன.

எங்கள் அலுவலகத்தில் புலனாய்வைப் புகழாதவர் எவருமில்லை; அதைச் செய்யச் சொல்பவரும் எவருமில்லை. அண்மையில் ஒரு பொதுப்பணி ஒப்பந்தம் தொடர்பான சில ஆவணங்கள் என் கைக்கு வந்தன. அவற்றைப் பார்த்த மூத்தவர் ஒருவர், "இது நம் வேலை இல்லை. எதிர்க்கட்சியில் யாராவது இதைப் பேசினால் அந்தப் பேச்சைச் செய்தியாகப் போடலாம்" என்றார். இன்னொருவர், நிருபர் நீதிபதியாகக் கூடாது, இரு தரப்பையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே நடுநிலை என்றார்.

பத்திரிகையாளர்கள் உண்மையிலேயே புலனாய்வில் நம்பிக்கை வைத்திருக்கிறார்களா? எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத எங்களுக்கு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை விசாரிக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? மறைந்திருந்து படமெடுப்பதும் பொய்ப்பெயரில் நுழைவதும் சரியா? என்னிடம் உள்ள ஆவணங்களை நான் என்ன செய்வது? என் பெயரைத் தவிர்த்துவிட்டுப் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அன்புடன்,
ஒரு நிருபர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் விவரித்திருக்கும் நிலை உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் தங்கள் தொழிலைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்பதை அறிய, 1971இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கே விரிவான கருத்தாய்வு நடந்துவருகிறது. அரசு சொல்வதை விசாரித்துப் பார்ப்பது மிகமிக முக்கியமான கடமை என்று 2002இல் 71 விழுக்காட்டினர் கூறினர். 2013இல் அது 78 விழுக்காடாக உயர்ந்தது. அதே பதினோரு ஆண்டுகளில், ரகசிய ஆவணங்களை அனுமதியின்றிப் பயன்படுத்துவது சில சூழல்களில் நியாயமே என்று ஏற்றுக்கொண்டவர்கள் 78 விழுக்காட்டிலிருந்து 58 விழுக்காடாகக் குறைந்தனர். ரகசியங்களை வெளிப்படுத்திய அரசு ஊழியர்கள்மீது உளவுச் சட்டத்தின்கீழ் அடுத்தடுத்து வழக்குகள் தொடுக்கப்பட்ட காலம் அது. செய்தி அலுவலகங்களில் ஆட்குறைப்பு தொடர்ந்து நடந்த காலமும் அதுதான். நம்பிக்கை குறையவில்லை, அந்த நம்பிக்கைக்காக எதை இழக்கத் தயார் என்ற கணக்குதான் மாறியது என்றே இந்த எண்களை நான் வாசிக்கிறேன். புலனாய்வு நடக்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாரும் விரும்புகிறார்கள். ஆனால் அதை வேறொருவர், வேறொரு நாளில், வேறொரு இதழில் செய்ய வேண்டும் என்று விரும்புகிறார்கள்.

இந்த மனநிலைக்குச் சோம்பலையும் அச்சத்தையும் மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. நெருக்கம் அவற்றைவிட வலிய காரணம் என்பது என் கருத்து. 1972 ஜூன் 17 அன்று அதிகாலையில், வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த, அதிபர் நிக்சனுக்கு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமையகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டபோது, அது வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு ஒரு சாதாரணக் குற்றச் செய்தியாகவே வந்துசேர்ந்தது. முதல் செய்தியைத் தந்தவர் காவல்துறைச் செய்திகளை நெடுங்காலமாகச் சேகரித்துவந்த ஒரு நிருபர். பிடிபட்டவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது அவர்களில் ஒருவர் தாம் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் பணியாற்றியவர் என்று தாழ்ந்த குரலில் சொன்னதை, அங்கே அமர்ந்திருந்த அந்த நாளிதழின் நிருபர் பாப் உட்வர்ட் கேட்டார். அவரும் கார்ல் பெர்ன்ஸ்டைனும் நகரச் செய்திப் பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள். வெள்ளை மாளிகைச் செய்திகளை எழுதிவந்த மூத்த நிருபர்கள் பலர் அடுத்த பல மாதங்களுக்கு அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதிபரின் உதவியாளர்களை நாள்தோறும் சந்தித்து, அவர்கள் தரும் தகவலைக் கொண்டே தங்கள் பணியை நடத்திவந்தவர்களுக்கு, அந்த உதவியாளர்களே குற்றத்தில் சம்பந்தப்பட்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் தோன்றுவதே கடினமாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49ஐ வென்று மீண்டும் அதிபரானார். இந்த விவகாரத்தால் அவர் பதவி விலக 1974 ஆகஸ்ட் வரை ஆயிற்று.

பாஸ்டன் குளோப் நாளிதழின் வரலாறும் இதையே காட்டுகிறது. கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிறுவர்களிடம் இழைத்த பாலியல் கொடுமைகள் அந்த ஊரில் எவரும் கேள்விப்படாதவை அல்ல. அந்த நாளிதழின் பத்தியிலேயே அவை எழுதப்பட்டிருந்தன. நீதிமன்றத்தில் வெளியிடத் தடை செய்யப்பட்டுக் கிடந்த ஆவணங்களைத் திறக்கக் கோரி நாம் ஏன் மனுச் செய்யவில்லை என்று கேட்டவர், 2001இல் வெளியூரிலிருந்து வந்து பொறுப்பேற்ற ஆசிரியர் மார்ட்டின் பேரன். 2002 ஜனவரி 6 அன்று முதல் செய்தி வெளியானது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 600 செய்திகள் வெளிவந்தன. உங்களைப் போன்ற நிருபர்கள் இந்த வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அந்தக் குழு பயன்படுத்திய பொருள்களில் பெரும் பகுதி ரகசியமானதே அல்ல என்பதைத்தான். மறைமாவட்டம் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்ட பெயரேடுகளை வரிசையாக வைத்து, எந்தப் பாதிரியார் எந்த ஆண்டில் பணியிலிருந்து திடீரென விலக்கப்பட்டு 'உடல்நல விடுப்பில்' வைக்கப்பட்டார் என்று பெயர் பெயராகக் குறித்துக்கொண்டார்கள். அந்த ஏடுகள் எவர் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கக் கூடியவையாகப் பல ஆண்டுகளாக இருந்தவை.

ஆகவே, "இது நம் வேலை இல்லை" என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். புலனாய்வைத் தனிப் பிரிவின் வேலையாகவும், தனிப்பட்ட வீரர்களின் வேலையாகவும் ஒதுக்கி வைத்ததே இந்தத் தொழிலுக்கு நேர்ந்த பெரிய கேடு என்று நினைக்கிறேன். நீதிமன்றச் செய்தி எழுதுபவர் தீர்ப்பின் கடைசிப் பத்தியோடு நின்றுவிடாமல் இணைப்பு ஆவணங்களையும் படிப்பது, நிர்வாகச் செய்தி எழுதுபவர் சென்ற ஆண்டு அறிவித்த திட்டம் இந்த ஆண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சென்று பார்ப்பது, தணிக்கை அறிக்கை வெளிவந்த நாளன்று தலைப்பை மட்டும் எழுதிவிட்டு விடாமல் அடுத்த மாதமும் அதைத் திறப்பது ஆகியவை எல்லாம் புலனாய்வின் பகுதிகளே. பெரிய வெளிப்பாடுகள் பெரும்பாலும் இத்தகைய பழக்கத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

இரு தரப்பையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நடுநிலை என்ற வாதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதை நல்லெண்ணத்தோடு சொல்பவர்களே மிகுதி. 1950 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் பணிபுரியும் 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம்மிடம் இருப்பதாக ஒரு கூட்டத்தில் பேசினார். அது செய்தியானது. சில நாள்களிலேயே அந்த எண் 57 ஆனது. பின்னர் செனட்டில் அவர் பேசியபோது 81 ஆனது. ஒவ்வொரு முறையும் நிருபர்கள் அவர் சொன்னதை எழுதினார்கள், அரசின் மறுப்பையும் எழுதினார்கள், தொழிலின் இலக்கணப்படி எந்தப் பிழையும் செய்யவில்லை. பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டு, காட்டாதவரை அதைத் தலைப்பாக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மிகச் சிலர். பலருடைய வேலையும் பெயரும் வாழ்வும் அழிந்தன. உண்மை எது என்று தேடிப் பார்க்கக் கூடிய நிலையில் இருந்தும் தேடாமல், இரண்டு கூற்றுகளை அருகருகே வைத்துவிட்டு வாசகரிடம் விடுவது நடுநிலையாகாது. அது வாசகரைக் கைவிடுவது. உங்கள் மூத்தவர் சொன்னபடி எதிர்க்கட்சியின் பேச்சுக்காகக் காத்திருந்தால், உங்கள் ஆவணம் தகவல் என்ற நிலையை இழந்து, ஒரு கட்சியின் குற்றச்சாட்டாக மட்டுமே மக்களிடம் போய்ச் சேரும்.

உங்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உண்மை. அதனால்தான் உங்களிடம் அதிகாரம் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. உங்களால் எவரையும் கைது செய்யவோ, அழைப்பாணை அனுப்பவோ, பதில் சொல்லக் கட்டாயப்படுத்தவோ இயலாது. வாக்களிப்பவர் தம் பிரதிநிதியைப் பற்றி அறிந்துகொள்ளும் உரிமையே உங்கள் கேள்விக்கு அடிப்படை. அவர் சார்பில் நேரம் செலவிட்டுக் கேட்பவர் நீங்கள். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரையால் உறுப்புக் குறையுடன் பிறந்த குழந்தைகளுக்கு நியாயமான இழப்பீடு கிடைக்கவில்லை என்று லண்டன் சண்டே டைம்ஸ் 1972இல் எழுதத் தொடங்கியபோது, நிலுவையில் உள்ள வழக்கைப் பாதிக்கும் என்று கூறி, அந்த மருந்து எவ்வாறு சந்தைக்கு வந்தது என்பதை விளக்கும் கட்டுரைக்கு நீதிமன்றம் தடை விதித்தது. 1979இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்தத் தடை கருத்துரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது; ஆதரவாக 11 நீதிபதிகள், எதிராக 9 பேர். அத்தனை குறுகிய வேறுபாட்டில் தப்பிய உரிமை அது என்பதை இதழாளர்கள் மறக்கக் கூடாது.

இனி மறைமுக வழிகள் பற்றி. இதில் பத்திரிகையாளர்களிடையே ஒத்த கருத்து என்றுமே இருந்ததில்லை. 1887இல் நெல்லி பிளை மனநோயாளியாக நடித்து நியூயார்க்கின் ஒரு மனநல விடுதிக்குள் பத்து நாள் இருந்து எழுதியதை உலகமே பாராட்டியது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, சிகாகோ சன் டைம்ஸ் ஒரு மதுக்கூடத்தையே விலைக்கு வாங்கி நடத்தி, லஞ்சம் கேட்டு வந்த நகர ஆய்வாளர்களைப் பற்றி 1978இல் தொடராக வெளியிட்டது. அதற்கு அமெரிக்க இதழியலின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசு கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஏமாற்றிப் பெற்ற செய்திக்குப் பரிசளிக்கலாகாது என்று பரிசுக்குழுவில் எதிர்த்தவர்களுள் ஒருவர், வாட்டர்கேட் செய்திகளுக்குத் துணைநின்ற ஆசிரியர் பென் பிராட்லீ. பரிசு கிடைக்கவில்லை. 1992இல் ஏபிசி தொலைக்காட்சி நிருபர்கள் பொய்யான விண்ணப்பங்களின் மூலம் ஓர் அங்காடி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து கேமராவை மறைத்து வைத்துப் படமெடுத்தபோது, அந்த நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுக்கவில்லை. ஏமாற்றியதற்காகவே வழக்குத் தொடுத்தது. நடுவர் குழு 55 லட்சம் டாலருக்கும் மேல் விதித்த இழப்பீடு 1999இல் மேல்முறையீட்டில் 2 டாலராகக் குறைந்தது. ஆனாலும் இடைப்பட்ட ஆண்டுகளில் செய்தி நிறுவனங்கள் கற்றுக்கொண்டது அச்சத்தைத்தான். என் நிலைப்பாடு பிராட்லீ அளவுக்குக் கடுமையானதன்று. மனித உயிரோ பொதுப் பணமோ பெருமளவில் ஆபத்தில் இருந்து, வெளிப்படையான எல்லா வழிகளும் அடைபட்டபின், ஆசிரியரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு, வாசகருக்கு அதைத் தெரிவித்துவிட்டுச் செய்வதை ஏற்பேன். விரைவுக்காகவும் பரபரப்புக்காகவும் அதைச் செய்வதை ஏற்க மாட்டேன்.

பிறர்மேல் ஐயம் கொள்ளும் அளவுக்குத் தன் ஐயத்தின்மீதும் ஐயம் கொள்ளாதவர் இந்தப் பணிக்கு ஏற்றவரல்லர். 1972 அக்டோபர் 25 அன்று, வெள்ளை மாளிகையின் உயர் அதிகாரி ஹால்டிமன் நிக்சனின் மறுதேர்தல் குழு வைத்திருந்த ரகசிய நிதியைக் கட்டுப்படுத்தினார் என்று ஒரு சாட்சி விசாரணைக் குழுவிடம் கூறியதாக உட்வர்டும் பெர்ன்ஸ்டைனும் எழுதினார்கள். நிதி பற்றிய செய்தியின் சாரம் சரி. ஆனால் அந்தச் சாட்சி விசாரணைக் குழுவிடம் அதைச் சொல்லவில்லை, அவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. அந்த ஒரு பிழையைக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொய்யென்று அரசுத் தரப்பால் சொல்ல முடிந்தது. போஃபர்ஸ் பீரங்கி பேர விவகாரத்தில், ஆவணங்களைத் தந்தவர் ஸ்வீடன் காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம் என்பது 2012இல் அவரே வெளிப்படுத்தும்வரை இருபது ஆண்டுகளுக்கும் மேல் காக்கப்பட்டது. அதே நேர்காணலில், ராஜீவ் காந்தி லஞ்சம் பெற்றதற்குச் சான்று இல்லை என்றும், நடந்ததை மூடிமறைத்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் அவர் கூறினார். இவ்விரண்டு கூற்றுகளில் தனக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவர்களே இன்றுவரை மிகுதி. ஆவணம் சொல்வதையும் அது சொல்லாததையும் ஒரே கண்டிப்போடு எழுதுபவரைத்தான் நான் புலனாய்வு நிருபர் என்பேன்.

தனித்து நிற்பது பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. மால்டாவில் புலனாய்வுப் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீசியா 2017 அக்டோபரில் கார்க் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது, அவர்மேல் நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஆனால் பத்திரிகையாளர்களின் மனப்பாங்கில் நான் கண்ட மிக நல்ல மாற்றமும் இதையொட்டியே நிகழ்ந்தது: 18 செய்தி நிறுவனங்களைச் சேர்ந்த 45 பேர் கூடி, அவர் விட்டுச்சென்ற இடத்திலிருந்து விசாரணையைத் தொடர்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, செல்வந்தர்களின் வெளிநாட்டு மறைவு நிறுவனங்களைக் காட்டி 2016இல் வெளிவந்த பனாமா ஆவணங்களில், கிடைத்த 1 கோடியே 15 லட்சம் கோப்புகளையும் ஒரு ஜெர்மன் நாளிதழ் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஏறத்தாழ 80 நாடுகளின் நிருபர்களோடு பகிர்ந்துகொண்டது. எனக்கே முதலில் என்ற பழைய வேட்கையை அடக்கியவர்களால்தான் அது இயன்றது.

உங்கள் ஆவணங்களுக்கு வருகிறேன். முதலில், அவற்றைத் தந்தவரை நினையுங்கள். ஆவணத்தின் படத்தை அப்படியே அச்சிட்டால் அதிலுள்ள குறிப்பெண்ணோ கையொப்பமோ அவரைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். அவர் ஏன் தந்தார் என்பதையும் கேளுங்கள். நோக்கம் தூயதாக இல்லாவிட்டாலும் ஆவணம் உண்மையாக இருக்கலாம், ஆனால் எது விடப்பட்டிருக்கிறது என்று தேட அது உதவும். ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பு, நிறுவனப் பதிவுகள், பணம் வழங்கிய கணக்கு ஆகிய பொதுப் பதிவுகளோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது சான்று இல்லாத வரியை எடுத்துவிடுங்கள். பின்னர், சம்பந்தப்பட்ட அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, ஆவணங்களைத் தேடிப் பதிலளிக்கப் போதிய அவகாசம் கொடுங்கள். வரும் பதில் உங்கள் கருத்தை மாற்றினால் செய்தியை மாற்றி எழுதுங்கள். மாற்றாவிட்டாலும் பதிலைச் சுருக்காமல் சேருங்கள். முழுச் செய்தியையும் சான்றுகளையும் ஒரே கோப்பாக்கிச் செய்தி ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். அவர் மறுத்தால், சான்றில் எந்த இடம் போதவில்லை என்று குறித்துத் தரக் கேளுங்கள். அப்படி ஓர் இடத்தை அவர் காட்டினால், அங்கிருந்து மறுபடி வேலையைத் தொடங்கலாம்.

அன்புடன்