புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஐந்துக்குள் வாய்ப்பு வந்தால் யாரை எடுக்க வேண்டும்: ஓட்டையை அடைப்பவரையா, இருப்பவர்களில் சிறந்தவரையா?

சிறந்தவரைத்தான். இன்று தயங்காமல் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன். அந்த வருடம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்த முடிவுதான் என்னை மாற்றியது.

முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கே டிராஃப்டில் முன்னுரிமை. 2020-ல் பெங்கால்ஸ் ஜெயித்தது நான்கே ஆட்டங்கள். அதனால் ஐந்தாவது இடம் கிடைத்தது. அதைவிடப் பெரிய வேதனை பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் காயம். அந்த வருட டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். நவம்பரில் ஒரு ஆட்டத்தில் அவர் பந்தை எறியும் நேரத்தில் ஒருவர் மேலே மோதினார், இன்னொருவர் காலில் மோதினார். இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்து, வண்டியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

அதனால் டிராஃப்ட் நெருங்கியபோது ரசிகர்கள் இரண்டு பெயர்களில் பிரிந்து நின்றார்கள். ஒருவர் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பெனெ சூவெல், பரோவைக் காக்கக்கூடிய டேக்கிள். இன்னொருவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவின் ஜமார் சேஸ், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர். 2019-ல் பரோவும் சேஸும் ஒரே கல்லூரி அணி. அந்த சீசனில் சேஸ் 1,780 யார்டும், பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டும் டச்டவுன் 20-ம் எடுத்தார். அணி 15 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான் சூவெல் பக்கம். கூரை ஒழுகும்போது யாராவது திண்ணைக்கு வர்ணம் அடிப்பார்களா என்பது என் வாதம்.

பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. சூவெல் ஏழாவது இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார்.

சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் சேஸ் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை இந்தப் பந்தில் இல்லை, அளவும் பெரிது என்று அவரே சொன்னார். "அப்பவே சொன்னேனே" என்று என்னைப் போன்றவர்கள் ஆரம்பித்துவிட்டோம். சீசன் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கியது. 1,455 யார்டு, 13 டச்டவுன். கான்சாஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 யார்டு.

சரி, ஒழுகிய கூரை? அது ஒழுகத்தான் செய்தது. அந்த சீசனில் பரோ 51 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறிவதற்குள் வீழ்த்தப்பட்டார். அதற்குப் பிறகு நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில், டென்னசி டைட்டன்ஸுடனான ஒரே ஆட்டத்தில் இன்னும் 9 முறை. ஆனால் எங்கே ஒழுகியது என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைனில் ஐந்து பேர். இரண்டு ஓரங்களிலும் டேக்கிள்; ஒரு பக்கம் ஜோனா வில்லியம்ஸ் இருந்தார், இன்னொரு பக்கத்துக்கு மார்ச்சிலேயே ரைலி ரீஃபைச் சேர்த்துவிட்டார்கள். பெரிய பலவீனம் உள்ளே, கார்டுகள் நிற்கும் இடத்தில். ஓட்டையை அடைக்க ஆள் எடுக்கச் சொன்ன நான், ஓட்டை எது என்பதையே தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

பெங்கால்ஸின் உண்மையான தவறு என்று நான் நினைப்பது இரண்டாம் சுற்றில் நடந்தது. 38-வது இடத்தைக் கொடுத்து 46-க்கு இறங்கி ஜாக்சன் கார்மன் என்ற லைன்மேனை எடுத்தார்கள். அவர் நிலைக்கவில்லை. அதே சுற்றில் 63-வது இடம் வரை கிரீட் ஹம்ஃப்ரி காத்திருந்தார். கான்சாஸ் சிட்டி அவரைத் தூக்கிக்கொண்டது. முதல் வருடத்திலிருந்தே அந்த அணியில் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் அவர்தான்.

ரிசீவரும் கீழே கிடைப்பார்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெட்ராய்ட் அதைத்தான் செய்தது: ஏழாவதில் சூவெல், 112-வதில் ஆமன்-ரா செயின்ட் பிரவுன். இருவருமே பிரமாதம். அதனால் எந்த இடத்துக்கு ஆள் என்பதை வைத்து என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. தன்னோடு நிற்கும் மற்றவர்களைவிட இவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பேன். அப்புறம், முதல் சுற்று வீரருக்கு நான்கு வருட ஒப்பந்தம். ஐந்தாவது வருடத்துக்கு நீட்டிக்கும் உரிமையும் அணியிடம் இருக்கிறது. இந்த வருட ஓட்டைக்கு அடுத்த மார்ச்சில், ஒப்பந்தம் இல்லாத வீரர்களின் சந்தையில் ஆள் வாங்கலாம். பெங்கால்ஸும் 2022-ல் டெட் கேரஸ், அலெக்ஸ் கப்பா, லயேல் காலின்ஸ் என்று மூன்று லைன்மேன்களை அப்படித்தான் கொண்டுவந்தது. சேஸ் மாதிரி ஒருவர் சந்தைக்கு வருவது அபூர்வம்.

குவார்ட்டர்பேக் இல்லாத அணியின் கதை மட்டும் வேறு. அங்கே தேவை அறிவை மறைத்துவிடும். 2017-ல் சிகாகோ மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏற, கூடுதலாக மூன்று தேர்வுகளைக் கொடுத்து மிட்செல் ட்ரூபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அதே டிராஃப்டில் பத்தாவதில் போன குவார்ட்டர்பேக், பின்னாளில் பல முறை பட்டம் வென்ற பேட்ரிக் மஹோம்ஸ்.

சேஸ் வந்த முதல் வருடமே பெங்கால்ஸ் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது. கடைசி நிமிடம், மூன்று புள்ளி பின்தங்கல், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி, தேவை ஒரே ஒரு யார்டு. சேஸ் எதிரணியின் ஜேலன் ராம்சியைத் தாண்டி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பரோ நிமிர்ந்து பார்ப்பதற்குள் எதிரணியின் ஆரன் டொனால்ட் வந்து அவரைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். டொனால்ட் தாண்டி வந்தது டேக்கிளை அல்ல, கார்டை.