ஜெரண்ட் எத்தனை முறை படித்தாலும் புரியவில்லை, பிரசன்ட் பார்ட்டிசிபிளோடு குழம்புகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. ஆங்கிலத்தில் வினையோடு ஐஎன்ஜி (-ing) சேர்ந்து பெயராக நின்றால் ஜெரண்ட், ஸ்லீப்பிங் பேபி என்பதுபோல் பெயருக்கு அடைமொழியாக நின்றால் பிரசன்ட் பார்ட்டிசிபிள் என்பார்கள். நீங்களும் என்னைப்போல் தமிழ்வழியில் படித்தவர் என்றே நினைக்கிறேன். 'என்ஜாய், அவாய்டு, ஃபினிஷ் வந்தால் ஐஎன்ஜி போடு. வான்ட், ஹோப், டிசைடு வந்தால் டு போடு' என்று ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். பரீட்சையில் மார்க் வந்தது. வேலைக்குப் போன பிறகுதான் அடி விழுந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் வருடம். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு லேப் டிப் அனுப்பியிருந்தேன். மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுவதற்கு முன்னால், நிறம் சரிதானா என்று காட்ட அனுப்பும் சின்னத் துண்டுத் துணி அது. 'அனுப்பிவிட்டீர்களா?' என்று கேட்டு மெயில் வந்தது. கூரியரில் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. 'எஸ், ஐ ரிமெம்பர் டு செண்ட் தி லேப் டிப்ஸ்' என்று பதில் போட்டேன். 'மறக்க மாட்டேன், அனுப்புகிறேன்' என்று அவர்கள் புரிந்துகொண்டு காத்திருந்தார்கள். பார்சலோ அவர்கள் ஆபீஸிலேயே வேறொரு மாடியில் பிரிக்காமல் கிடந்திருக்கிறது. ஒரு வாரம் வீணாய்ப் போனது. நிறத்துக்கு அப்ரூவல் வராமல் டையிங்குக்குத் துணி போகாது.

முதலாளி அந்த மெயிலை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். 'டிகிரி முடிச்சவன் எழுதற இங்கிலீஷாடா இது?' என்றார். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருந்த பத்துப் பேரில் ஒருவர்கூட எது தப்பு என்று சொல்லவில்லை.

சொன்னவர் டாகுமென்டேஷன் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. தமிழில் எம்.ஏ. படித்தவர். சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டார்: 'ஏந்தம்பி, அனுப்புனது நெனப்பிருக்குதுன்னு சொல்ல வந்தியா, அனுப்போணும்னு நெனப்பிருக்குதுன்னு சொல்ல வந்தியா?'

'அனுப்புனதுதானுங்க்கா.'

'அப்ப செண்டிங்னு எழுதோணும். அனுப்போணும்னாத்தான் டு செண்ட். பள்ளிக்கூடத்துல தொழிற்பெயர் படிச்சியல்ல, அதேதான் இது.'

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடத்தல், ஆளல், வாழ்க்கை என்று தல், அல், கை விகுதிகளை ஒப்பித்தவன் நான். வினைக்குப் பெயராக நிற்கும் சொல் என்று தமிழய்யா நடத்தியதும் ஜெரண்ட் என்று ஆங்கில ஆசிரியர் நடத்தியதும் ஒரே விஷயம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர நேரமும் இல்லை. பத்தாம் வகுப்பில் தமிழ் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். தமிழ்தானே, பாஸ் ஆகிவிடுவான்கள் என்பார்கள். இலக்கணப் பகுதியை வருடக் கடைசியில் இரண்டே நாளில் ஓட்டினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தகத் தமிழை விட்டுவிட்டு வாயில் வரும் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கதவைப் பூட்ட மறந்துட்டேன்' என்றால் ஃபர்காட் டு லாக். 'பூட்டினதையே மறந்துட்டேன்' என்றால் ஃபர்காட் லாக்கிங். 'சிகரெட் குடிக்கிறதை நிறுத்திட்டான்' என்றால் ஸ்டாப்டு ஸ்மோக்கிங். 'சிகரெட் குடிக்க வண்டியை நிறுத்தினான்' என்றால் ஸ்டாப்டு டு ஸ்மோக். -றது, -னது என்று முடிந்து 'ஐ' உருபை ஏற்கிற இடத்தில் ஜெரண்ட் வருகிறது, 'செய்ய' என்று எச்சமாக நிற்கிற இடத்தில் டு வருகிறது.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்று யாராவது சொல்ல வருவார்கள். தெரியும். 'போறதுன்னு முடிவு பண்ணினேன்' என்று தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் டிசைடட் டு கோதான். அந்தப் பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காரணம் புரிந்தபின் மனப்பாடம் செய்ய வேண்டியது குறைகிறது என்கிறேன். 'ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசி' என்று அறிவுரை சொல்கிறவர்கள் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்திருக்கலாம். எனக்குக் கையில் இருந்தது தமிழ்தான்.

அட், இன், ஃபார் போன்ற ப்ரெபொசிஷனுக்குப் பிறகு ஏன் ஐஎன்ஜி? நம் வேற்றுமை உருபை நினைத்துக்கொள்ளுங்கள். 'சமைக்க' என்பதோடு 'இல்' சேராது. 'சமைப்பது' என்று பெயராக்கினால்தான் 'சமைப்பதில் கெட்டிக்காரி' என்று சொல்ல முடியும். குட் அட் குக்கிங் அதுதான். 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதில் உள்ள டுவும் ப்ரெபொசிஷன். சந்தேகம் வந்தால் அந்த டுவுக்குப் பின்னால் 'யுவர் ரிப்ளை' என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தால் ஐஎன்ஜி போடலாம். வான்ட் டுவுக்குப் பின்னால் அப்படி வைத்தால் உட்காராது.

பார்ட்டிசிபிள் குழப்பத்துக்கு வரலாறே காரணம். பழைய ஆங்கிலத்தில் பெயராக்கும் விகுதி -உங், -இங் என்றும், பார்ட்டிசிபிள் விகுதி -எண்டே என்றும் தனித்தனியாக இருந்தன. பிறகு இரண்டும் ஒரே -இங் ஆகிவிட்டன. ஸ்லீப்பிங் பேபி தூங்குகிற குழந்தை, நம் பெயரெச்சம் மாதிரி. ஸ்லீப்பிங் பேகில் பை தூங்குவதில்லை. அது தூங்குவதற்கான பை. இங்கே ஜெரண்ட். திருப்பூரில் படிக்காத தொழிலாளியும் நிட்டிங், டையிங், கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று நாள் முழுக்கச் சொல்கிறார். எல்லாம் வேலையின் பெயர்கள்தானே? அவற்றை வெர்பல் நவுன் என்று தனியாகப் பிரிப்பவர்கள் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஜெரண்டையும் பார்ட்டிசிபிளையும் பிரிக்கவே வேண்டாம் என்றும் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இரண்டையும் சேர்த்து 'ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்' என்றே பெயர் வைத்திருக்கிறது.

தமிழை நம்பினால் வழுக்கும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'அவன் லேட்டா வர்றது பிடிக்கல' என்பதில் 'அவன்' எழுவாயாகவே நிற்கிறது. அதனால் ஆங்கிலத்திலும் 'ஹி கமிங் லேட்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே 'ஹிஸ் கமிங் லேட்' வரவேண்டும். பேச்சில் 'ஹிம் கமிங்' என்பார்கள். இந்த ஒன்றில் எனக்கு இன்னும் கை தவறுகிறது. மெயிலை அனுப்புமுன் இதற்காகவே இன்னொரு முறை படிக்கிறேன்.