மெய்நிகர் கணினிக்குள் குறுக்கீடுகள்: கேள்வி பதில்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எமுலேட்டர் (ஒரு கணினியை நிரலால் போலச்செய்து ஓட்டும் மென்பொருள்) எழுதிப் பழகும் சிலர், சாதனங்கள் செயலியை இடைமறித்துக் கவனம் கேட்கும் குறுக்கீடுகளைப் பற்றி என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். பாயான் லெப்பாசில் சில்லுகளைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், நிரலைவிடக் கம்பியின் பக்கம் நின்றே பேசுவேன்.

பட்டர்வொர்த் மாணவர்: ஐயா, பழைய பிசி ஒன்றுக்கு எமுலேட்டர் எழுதுகிறேன். விசை அழுத்தப்பட்டவுடன், உள்ளே ஓடும் இயங்குதளத்தின் குறுக்கீட்டு வழிமுறைக்கு நேரே தாவிவிடுகிறேன். சிறிது நேரம் ஓடுகிறது, பிறகு எல்லாம் நிலைகுலைகிறது. ஏன்?

தம்பி, மூன்று பேர் செய்யவேண்டிய வேலையை நீங்கள் ஒரே இடத்தில் செய்துவிட்டீர்கள். விசைப்பலகைக்கு உள்ள உரிமை தன் கம்பியை உயர்த்துவது மட்டுமே. அந்தக் கோரிக்கையைக் குறித்துவைத்து, தடை இருக்கிறதா, அதைவிட முன்னுரிமை கொண்ட வேறொன்று சேவையில் இருக்கிறதா என்று பார்ப்பது, குறுக்கீடுகளை ஒழுங்குபடுத்தும் 8259 சில்லின் பொறுப்பு. அதை எப்போது ஏற்பது என்பதைச் செயலி தீர்மானிக்கிறது: குறுக்கீட்டை ஏற்கலாமா என்று காட்டும் குறுக்கீட்டுக் கொடி 1 ஆக இருக்கவேண்டும், ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்காத இடமாகவும் இருக்கவேண்டும். எஸ்டிஐ கட்டளையால் கொடியை 1 ஆக்கினாலும், அதற்கடுத்த கட்டளை முடிந்த பிறகே செயலி குறுக்கீட்டை ஏற்கும். திரும்பும் முகவரிகளைச் சேமிக்கும் அடுக்கு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதை எஸ்எஸ், எஸ்பி என்ற இரு பதிவகங்கள் (செயலிக்குள் மதிப்பை வைக்கும் சிறு இடங்கள்) சேர்ந்து காட்டுகின்றன. எஸ்எஸ் பதிவகத்தை மாற்றிய பின்னும் அப்படியே. அடுத்த கட்டளையில் எஸ்பி மாறுவதற்குள் ஒரு குறுக்கீடு நுழைந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான அடுக்கின்மேல் திரும்பும் முகவரி எழுதப்பட்டுவிடும். உங்கள் நிலைகுலைவுக்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் பொறியாளர்: நான் எழுதிய பிசிஐ (சாதனங்களைக் கணினியுடன் இணைக்கும் தடம்) வலையட்டை சில மணிநேரம் நன்றாக இயங்கிவிட்டு ஓசையின்றி நின்றுவிடுகிறது, ஐயா. வலையிலிருந்து தரவுப் பொட்டலம் வந்தால் குறுக்கீடு அனுப்புகிறேனே?

நீங்கள் சொன்ன 'அனுப்புகிறேன்' என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. தண்ணீர்மலைக் கோவிலில் மணி ஒருமுறை ஒலித்து ஓய்ந்துவிடும். சந்நிதி விளக்கோ யாராவது அணைக்கும்வரை எரியும். பிசிஐ குறுக்கீட்டுக் கம்பி மணியன்று, விளக்கு. இயங்குதளம் வலையட்டையின் குறுக்கீட்டைத் தடைசெய்துவிட்டு, காத்திருக்கும் பொட்டலங்களை எல்லாம் எடுத்து முடித்து, பிறகு தடையை நீக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பொட்டலத்தை எடுத்ததற்கும் தடையை நீக்குவதற்கும் இடையே இன்னொன்று வந்தால், உங்கள் நிரல் 'தடை இருக்கிறது' என்று பேசாமல் இருந்துவிடும். தடை நீங்கியபின் யாரும் அதை நினைவூட்டுவதில்லை. பெறும் வரிசை நிறைந்துவிட்டால் புதிய பொட்டலமும் உள்ளே வராது, ஆகவே அட்டை அப்படியே உறைந்துவிடுகிறது.

தீர்வு எளியது. நிலைப் பதிவகமோ தடைப் பதிவகமோ எக்காரணத்தால் மாறினாலும், தடைசெய்யப்படாத நிகழ்வு ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்று ஒரே செயற்கூறில் கணக்கிட்டு, கம்பியை அதன்படி உயர்த்துங்கள் அல்லது தாழ்த்துங்கள். வேறெங்கும் கம்பியைத் தொடாதீர்கள். ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பகிர்வதால், எத்தனை பேர் உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டும். கியூஎமு என்ற எமுலேட்டரின் பிசிஐ பகுதி இப்படித்தான் எண்ணிவைக்கிறது. இல்லையேல் வட்டு தன் கம்பியைத் தாழ்த்தும்போது வலையட்டையின் கோரிக்கையும் சேர்ந்து மறைந்துவிடும்.

அதே பொறியாளர்: எம்எஸ்ஐக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பகிர்வுத் தொல்லை தீரும். எம்எஸ்ஐ என்பது குறிப்பிட்ட முகவரியில் சாதனம் எழுதும் ஒரு மதிப்பு. அங்கே கம்பியே இல்லை. ஆனால் அது மணி வகை என்பதால், தடை நீங்கும் கணத்தில் மீண்டும் கணக்கிடும் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது.

ஜார்ஜ்டவுன் வாசகர்: மடிக்கணினியில் சுமை கூடினால் உள்ளே ஓடும் பழைய இயங்குதளத்தின் கடிகாரம் பின்தங்குகிறது.

8254 கடிகாரச் சில்லின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 1.193182 மெகாஹெர்ட்ஸ், அதைப் பிரித்து இயங்குதளம் வினாடிக்கு 100 அல்லது 1000 துடிப்புகளைக் கேட்கிறது. மெய்நிகர் செயலிக்கு 50 மில்லிவினாடி ஓட வாய்ப்பே கிடைக்காவிட்டால், 1000 கேட்ட இயங்குதளத்துக்கு 50 துடிப்புகள் சேர்ந்துவிடும். ஆனால் 8259இல் ஒரு கம்பிக்கு ஒரே பிட்தான் உண்டு என்பதால் 49 தொலைந்துபோகின்றன. தவறியவற்றை எண்ணிவைத்து, ஒவ்வொன்றும் ஏற்கப்பட்டபின் அடுத்ததைக் கொடுக்கலாம். வேறு வழியில் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் புதிய கெர்னல்களுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிகளுக்கு) அவ்வாறு கொடுத்தால் கடிகாரம் முந்திவிடக்கூடும். ஆகவே இதைப் பயனர் தெரிவாக வையுங்கள்.

செந்தூல் மாணவி: மின்பொத்தான் நிகழ்வை எப்படி உள்ளே தெரிவிப்பது, ஐயா?

மின்சார மேலாண்மைக்கான ஏசிபிஐ நிலைப் பதிவகத்தில் மின்பொத்தானுக்கு உரிய 8ஆம் பிட்டை 1 ஆக்குங்கள், அம்மா. இயங்குதளம் அதற்கான அனுமதிப் பிட்டையும் 1 ஆக்கியிருந்தால் ஏசிபிஐ நிகழ்வுகளுக்கான எஸ்சிஐ குறுக்கீட்டுக் கம்பியை உயர்த்துங்கள். பிசிகளில் அது வழக்கமாக ஐஆர்க்யூ 9, அதாவது 9ஆம் எண் குறுக்கீட்டுக் கம்பி. இதுவும் விளக்கு வகைதான். அந்தப் பிட்டில் இயங்குதளம் 1 என்று எழுதினால் அதை 0 ஆக்கு என்பதே பொருள். எழுதப்பட்ட 1ஐ நீங்கள் அப்படியே சேமித்துவிட்டால் கம்பி ஒருபோதும் தாழாது. இயங்குதளம் அந்தக் குறுக்கீட்டிலிருந்து வெளியே வந்ததும் மறுபடி அதற்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும்.