கிராவல் சைக்கிள்: முன் டயரும் பின் டயரும் ஒரே வகையாக இருக்க வேண்டுமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கிராவல் சைக்கிள் (தார்ச்சாலையிலும் மண் பாதையிலும் ஓடும் சைக்கிள்) ஓட்டுகிறேன். வார நாள்களில் தார்ச்சாலையில் வேலைக்குப் போவேன்; ஞாயிறு காலையில் தோட்டத்துச் செம்மண் சாலைகளைச் சுற்றி வருவேன். முன்னும் பின்னும் 700க்கு 38 அளவில் (அதாவது 38 மில்லிமீட்டர் அகலத்தில்) ஒரே வகை டயர்கள் உள்ளன. பின் டயர் நடுப்பகுதியில் வழவழப்பாகிவிட்டது. முன் டயர் நன்றாகவே இருக்கிறது. ஆனால், போன மாதம் மழை பெய்த மறுநாள் ஒரு செம்மண் வளைவில் முன் சக்கரம் வழுக்கி விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். இரண்டு டயர்களையும் ஒரே வகையில் சோடியாக வாங்கினால்தான் சைக்கிளின் சமநிலை கெடாது என்று கடையில் சொல்கிறார்கள். அது உண்மையா? என் எடை 78 கிலோ. டியூப் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

பதில்: உண்மையல்ல. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இப்போது இரண்டு டயர்கள் வாங்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. ஒன்று போதும். அந்த ஒன்றும் தேய்ந்துபோன பின் சக்கரத்துக்கு அல்ல, முன் சக்கரத்துக்கு.

இருக்கையில் அமர்ந்து ஓட்டும்போது மொத்த எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 55 முதல் 60 பங்கு பின் சக்கரத்தின் மீதுதான் இறங்குகிறது. நீங்கள் மிதிக்கும் விசையும் அதன் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அதனால் பின் டயர் எப்போதும் முதலில் தேய்கிறது. முன் டயரின் வேலை வேறு. வளைவில் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது முன்னே சாயும் எடையைத் தாங்குவதும் அதன் பொறுப்பு. பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிள் சற்று ஆடும், பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் கையை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான். எனவே பிடிப்புள்ள, சற்று அகலமான டயர் முன்னேயும், இலகுவாக உருளும் டயர் பின்னேயும் இருப்பதே நியாயமான ஏற்பாடு.

முன்னுக்கு 42 முதல் 45 வரையிலான அகலத்தில், பற்கள் இடைவெளிவிட்டு அமைந்த டயராகப் பாருங்கள். நம் தோட்டத்துச் செம்மண், மழைக்குப் பின் மேலே பசைபோல் குழைந்தும் அடியில் இறுகியும் கிடக்கும், குறிப்பாகக் குலை ஏற்றிய லாரிகள் அழுத்திவிட்டுப் போன தடங்களில். அந்தப் பசையைக் கிழித்துக்கொண்டு அடிமண்ணைப் பிடிக்கப் பற்கள் வேண்டும். ஆனால் பற்கள் நெருக்கமாக இருந்தால் இடையில் மண் அடைத்துக்கொண்டு, சற்று நேரத்தில் பல்லில்லாத டயரைப் போலவே ஆகிவிடும். டபிள்யூடிபி நிறுவனத்தின் ரெசல்யூட் 42 நான் சொல்லும் அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. மேக்ஸ்சிஸ் ரேம்ப்ளர் காய்ந்த பாதையில் மிக நன்றாக ஓடும், ஆனால் அதன் பற்கள் நெருக்கமானவை என்பதால் ஈரச் செம்மண்ணுக்கு அதை நான் முதலில் சொல்ல மாட்டேன். பல் டயர் தார்ச்சாலையில் மெதுவாக ஓடுமே என்று தயங்க வேண்டாம். முன் சக்கரத்தில் எடை குறைவு என்பதால் அங்கே ஏற்படும் இழப்பும் குறைவு.

இப்போது முன்னே இருக்கும் 38 டயரைக் கழற்றிப் பின்னே போடுங்கள். தேய்ந்ததை எறிந்துவிடலாம். இதைத் தலைகீழாகச் செய்து, பழைய பின் டயரை முன்னுக்குக் கொண்டுவருவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

சமநிலை கெடும் என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னே 45, பின்னே 38 என்று வைத்தால், சைக்கிளின் முன்பக்கம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் உயரும். இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் இருப்பதால், சாய்வில் வரும் மாற்றம் அரை டிகிரிகூட இல்லை. ஓட்டும்போது அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வாங்குவதற்கு முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில்) இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அகலமான ரிம்மில் டயர் தன் மேல் எழுதியுள்ள அளவைவிட ஓரிரு மில்லிமீட்டர் பருத்து நிற்பதுண்டு. டயரைப் பூட்டிக் காற்றடித்த பிறகு, 6 மில்லிமீட்டர் அலன் சாவியை (அறுகோணச் சாவியை) டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இரு பக்கமும், மேலேயும் நுழைத்துப் பாருங்கள். தடையின்றிப் போய்வந்தால் சேறு ஒட்டினாலும் சக்கரம் சுற்றும். இந்தச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்துவிடுங்கள். டியூப் பெட்டியில் 45 வரை ஏற்கும் என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

காற்றழுத்தம் முன்னே 34, பின்னே 42 பிஎஸ்ஐ என்று தொடங்கி, இரண்டிரண்டாகக் குறைத்து உங்களுக்கு ஏற்றதைக் கண்டுபிடியுங்கள். கல்லில் மோதி டியூபில் அருகருகே இரண்டு துளைகள் விழுந்தால், அதிகம் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

பின் டயரைக் கழற்றும் அன்றைக்கே அதன் உட்புறத்தைச் சோதித்துவிடுங்கள். செம்பனை மட்டையின் முள் ரப்பருக்குள் ஒடிந்து நின்றுவிட்டால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. புது டியூபையும் மறுநாளே குத்தும். விரலால் தடவினால் கிழித்துவிடும், ஒரு பஞ்சு உருண்டையை உள்ளே சுற்றிலும் இழுத்து வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சின் நூல் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: வாங்கிய டயர் பொருந்தாமல் உரசினால், கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவரா?

பதில்: நீங்களாகவே ஓர் அளவைத் தேர்ந்தெடுத்து வாங்கிவிட்டு மனம் மாறினால், எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. ஆனால் சைக்கிளைக் காட்டி, இதற்குப் பொருந்துமா என்று கேட்டு, பொருந்தும் என்று அவர் சொன்னதை நம்பி வாங்கியிருந்தால் நிலைமை வேறு. வாங்குபவர் தெரிவித்த தேவைக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். ஆகையால் ரசீதில் சைக்கிளின் மாடலையும் டயர் அளவையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அதன் பிறகும் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனுச் செய்யலாம். மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். சேற்றில் ஓட்டிவிட்ட டயரைக் கொண்டுபோய் நிற்பதைவிட, வாசலில் அளந்து பார்த்து அங்கேயே மாற்றிக்கொள்வது உங்களுக்கும் எளிது, கடைக்காரருக்கும் எளிது.