பாக்கெட் வந்துவிட்டது, நேரத்துக்கு வரவில்லை
வாசகர் கேள்வி – பதில்: இணைய அழைப்பில் குரல் உடைவது ஏன்?

கேள்வி: வாப்பா துபாயில் இருக்கிறார்கள். இரவில் பேசும்போது குரல் தகரத்தைத் தட்டியது போல வருகிறது. சில சமயம் திடீரென்று படபடவென்று வேகமாகப் பேசுகிறார்கள். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பிறகு குறை எங்கே? – வாசகி, கீழக்கரை

உங்கள் லைனில் வேகம் தாராளமாக இருக்கிறது. குரலுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. குரலை எண்ணாக மாற்றும் முறைகளில் சுருக்காத பழைய ஜி.711-இல்கூட, முகவரி போன்ற தலைப்புத் தகவலையும் சேர்த்து ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ்தான் ஆகும். இப்போது பல செயலிகளில் இருக்கும் ஓபஸ் முறைக்கு அதில் பாதிகூட வேண்டாம். குரல் கேட்பது ஒழுங்கான இடைவெளியை.

பேச்சைப் பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாக்கெட்டாக அனுப்புகிறார்கள். விநாடிக்கு 50 பாக்கெட். அங்கிருந்து கிளம்பும்போது இடைவெளி சீராகத்தான் இருக்கும். வழியில் என்ன ஆகிறது என்பதற்குப் பாம்பன் சாலைப் பாலமே சாட்சி. மண்டபத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று விட்டாலும், பாலத்தின் நடுவில் யாராவது கடல் பார்க்க நிறுத்தினால் பின்னால் வருபவை சேர்ந்துகொண்டு, அக்கரையில் நாலைந்தாகக் கொத்தாக இறங்கும். ஒரு வண்டியும் தொலையவில்லை, இடைவெளிதான் குலைந்துபோனது. பாக்கெட்டுகளுக்கு நேரும் இந்தக் குலைவைத்தான் ஜிட்டர் என்கிறோம்.

இதைச் சமாளிக்க உங்கள் போனில் ஒரு சிறு தேக்கம் உண்டு. அதற்கு ஜிட்டர் பஃபர் என்று பெயர். வந்த பாக்கெட்டை உடனே ஒலிக்காமல் சில பத்து மில்லி விநாடி நிறுத்தி வைத்து, சீராக வெளியே விடும். தன் முறை கடந்த பிறகு வந்து சேரும் பாக்கெட் தூக்கி எறியப்படும். அதனால்தான் பாக்கெட் ஒன்றுகூடத் தொலையாத லைனிலும் குரல் உடைகிறது.

நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறிக்கும் காரணம் வேறு வேறு. தகர ஓசை வந்தால், உரிய நேரத்தில் பாக்கெட் வரவில்லை என்று பொருள். முந்தைய துண்டின் அலையையே இழுத்து நீட்டிச் செயலி ஓட்டையை அடைக்கிறது. ஒரு துண்டு போனால் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து நாலைந்து போனால் இயந்திரக் குரலாகி, பிறகு அடங்கிவிடும். வேகப் பேச்சு என்றால், தாமதமான பாக்கெட்டுகள் கொத்தாக வந்து தேக்கம் நிரம்பிவிட்டது. அதை வடிக்கச் செயலி பேச்சைக் கொஞ்சம் ஓட்டமாக விடுகிறது. மூன்றாவது ஒன்றும் உண்டு: இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வது. ஜிட்டர் கூடக்கூடச் செயலி தேக்கத்தைப் பெரிதாக்கும். மொத்தத் தாமதம் ஏறும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

துபாய் தூரம் என்பதால்தான் என்று நினைக்க வேண்டாம். நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி அதைக் கடக்க 15 மில்லி விநாடி போதும். கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். ஆனாலும் அது மாறாத தாமதம், மாறாத தாமதத்தால் ஜிட்டர் வராது. குரல் உடையும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் கடைசிப் பத்து மீட்டர் வைஃபையைத்தான். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய தடிச் சுவர் வீடு என்றால் இன்னும் நிச்சயம். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று ஒருமுறை பேசிப் பாருங்கள். குரல் தெளிந்தால் விடை கிடைத்துவிட்டது. வைஃபையை வாங்கி நீட்டித்து அனுப்பும் ரிப்பீட்டரை வாங்காதீர்கள், ஒரே சேனலில் வாங்கி மறுபடி அனுப்புவதால் காற்றில் பாதி நேரம் வீணாகும். உள் அறை வரை கேட்-6 கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும்.

வி.பி.என். (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் செயலி) போட்டுப் பேசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அங்கே சட்டச் சிக்கல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாக்கெட்டுகள் சுற்றுவழி போகும், சில வி.பி.என்.கள் வரிசை தவறாமல் கொடுக்கும் டிசிபி முறையில் அனுப்புவதால் ஒரு பாக்கெட் தவறினால் அது திரும்ப வரும்வரை பின்னால் உள்ள அத்தனையும் காத்து நிற்கும். அந்த நாட்டில் அனுமதி பெற்ற செயலியிலேயே பேசுங்கள்.

கேள்வி: குறை வைஃபையிலா, லைனிலா என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா? – வாசகர், மண்டபம்

உண்டு. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் சாளரம் இரண்டைத் திறங்கள். ஒன்றில் பிங் (ping, ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை), இடைவெளி, மைனஸ் டி (-t), இடைவெளி, பிறகு ரவுட்டரின் எண் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1). இன்னொன்றில் அதே கட்டளையை 8.8.8.8 என்ற கூகுள் சர்வர் எண்ணுக்குக் கொடுங்கள். இரண்டையும் 5 நிமிடம் ஓடவிட்டு, கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். குரல் உடையும் அதே நேரத்தில் செய்ய வேண்டும். காலை 6 மணிக்கு எல்லா லைனும் நன்றாகத்தான் இருக்கும்.

கடைசியில் வரும் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வரிகளை மேலே ஓட்டிப் பாருங்கள். ரவுட்டருக்கு மில்லி விநாடிக் கணக்கு 3, 2, 4, 3 என்று போய்க்கொண்டிருப்பது நடுவில் 90, 140 என்று எகிறினால் பிழை வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். ரவுட்டர் வரிகள் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் துள்ளினால் லைனில் கோளாறு. அந்த வரிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி: லாட்ஜ் நடத்துகிறோம். 4ஜி ரவுட்டர்தான். நாலு கேமராவை வீட்டிலிருந்து பார்க்கும்படி வைத்ததிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பில் நாங்கள் பேசுவது மட்டும் எதிர்முனைக்கு வெட்டி வெட்டிக் கேட்கிறதாம். – வாசகர், இராமேசுவரம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா 512 கேபிபிஎஸ் என்றால் நான்குக்கு 2 எம்பிபிஎஸ். உங்கள் அப்லோடும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதை முழுக்கக் கேமராவே நிற்கிறது.

ரவுட்டரில் வரிசை மிக நீளமாக இருப்பதுதான் இதை இன்னும் மோசமாக்குகிறது. 2 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 250 கிலோபைட். ரவுட்டரோ மோடமோ 500 கிலோபைட் வரை வரிசையில் பிடித்து வைக்கும் என்று வைத்துக்கொண்டால், அது நிரம்பிய நேரத்தில் உங்கள் குரல் பாக்கெட் கடைசியில் போய் நின்று 2 விநாடி காத்திருக்கும். வரிசை வடிந்தால் தாமதம் விழும், நிரம்பினால் ஏறும். அந்த ஏற்ற இறக்கந்தான் ஜிட்டர்.

முதலில் கேமரா. முழுத் தரப் பதிவு டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியிலேயே இருக்கட்டும். வெளியிலிருந்து பார்ப்பதற்கு சப்-ஸ்ட்ரீம் என்ற குறைந்த தர ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் 128 கேபிபிஎஸ், விநாடிக்கு 8 பிரேம் என்று குறையுங்கள். படத்தை நன்றாகச் சுருக்கும் எச்.265 முறை இருந்தால் அதைப் போடுங்கள். வராந்தாவில் யார் நிற்கிறார் என்று தெரிய இது போதும்.

அடுத்தது ரவுட்டர். ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற திறந்த மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் என்றால், வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் (SQM) பகுதியில் ‘கேக்’ (CAKE) முறையைத் தேர்ந்தெடுத்து, அளந்த அப்லோடில் 85 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். 2 எம்பிபிஎஸ்ஸுக்கு 1.7. வேகத்தைக் குறைப்பதா என்று தோன்றும். குறைத்தால்தான் வரிசை உங்கள் கைக்குள் இருக்கும். இல்லையென்றால் அது நாம் தொட முடியாத மோடத்துக்குள் போய்க் குவியும். 4ஜி வேகம் மணிக்கு மணி மாறும். எனவே மாலைக் கூட்ட நேரத்தில் மூன்று நான்கு முறை அளந்து, கிடைத்ததில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு 1.4 வந்தால் 1.2 போடுங்கள். காலையில் அளந்த எண்ணைப் போட்டால் இரவில் பயன்படாது.

கேள்வி: அனுப்பும் கணினியின் கடிகாரமும் வாங்கும் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகாது. பிறகு ஜிட்டரை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? – கல்லூரி மாணவி, இராமநாதபுரம்

அருமையான கேள்வி. கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டியதே இல்லை. குரலைச் சுமக்கும் ஆர்டிபி (RTP) வகைப் பாக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண்ணும் ஒரு நேர முத்திரையும் உண்டு. 20 மில்லி விநாடிக்கு முத்திரை ஜி.711-இல் 160 கூடும், ஓபஸில் 960 கூடும். 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3550 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் வழி, வித்தியாசத்தின் வித்தியாசத்தை எடுப்பது.

ஒரு எடுத்துக்காட்டு, மில்லி விநாடியில். அனுப்பியவர் கடிகாரப்படி 0, 20, 40, 60. வாங்கியவர் கடிகாரப்படி 5000, 5021, 5055, 5060. கழித்தால் 5000, 5001, 5015, 5000. இந்த 5000-க்குத் தனியாகப் பொருள் இல்லை, இரு கடிகாரங்களின் வேறுபாடும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த எண்களைக் கழித்து, கூட்டல் கழித்தல் குறியை விட்டால் 1, 14, 15 மிஞ்சும். கடிகார வேறுபாடு அடிபட்டுப்போகும். ஜிட்டரை 0 என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் புதிய வித்தியாசத்திலிருந்து பழைய ஜிட்டரைக் கழித்து, 16-ஆல் வகுத்து, பழையதோடு கூட்டுங்கள். 0.06, 0.93, 1.81 என்று மெல்ல ஏறும். 15 மில்லி விநாடி துள்ளலுக்கு 1.81 தானா என்று மலைக்க வேண்டாம். ஒற்றைத் துள்ளலுக்குப் பதறாமல் இருக்கத்தான் அந்த 16.

கடிகாரம் மெல்ல நகர்வது வேறு பிரச்சினை. இரண்டு முனைக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால், 400 விநாடியில் ஒரு முழு 20 மில்லி விநாடித் துண்டு கூடியோ குறைந்தோ போகும். செயலி ஒலியைச் சற்றே நீட்டியும் சுருக்கியும் அதைச் சரிக்கட்டுகிறது.

கேள்வி: விசைப்படகில் போகிறோம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே வீட்டார் பேசுவது கேட்கிறது, நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்பதில்லை. – வாசகர், தங்கச்சிமடம்

டவர் பெரிய சக்தியில் அனுப்புகிறது. உங்கள் போனின் சக்தி 4ஜியில் அதிகபட்சம் 0.2 வாட். அதனால் போகும் பாதைதான் முதலில் அறுகிறது. சிக்னல் நலிந்தால் ஒவ்வொரு பாக்கெட்டையும் போன் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஒவ்வொரு தடவைக்கும் சுமார் 8 மில்லி விநாடி சேர்கிறது. அந்த இடத்தில் வாட்ஸ்அப்பை விட்டுச் சாதாரண அழைப்பில் பேசுங்கள். 4ஜி வழியாகவே போகும் சாதாரண அழைப்பான வோல்ட்இ-க்கு (VoLTE) வலையமைப்பில் தனி முன்னுரிமை உண்டு. அதன் தாமத வரம்பு 100 மில்லி விநாடி. செயலி அழைப்போ வீடியோ பார்ப்பவர்களோடு ஒரே வரிசையில் நிற்கும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவரைப் போன் பிடிக்கலாம். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் நிறுவனத்தை நிலையாக வையுங்கள், ரோமிங்கை அணையுங்கள். ஆபத்து நேரத்துக்குப் போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள்: படகின் விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 எப்போதும் திறந்திருக்கட்டும். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093.

கேள்வி: புளூடூத் ஹெட்செட் போட்டால் பேச்சு முட்டிக்கொள்கிறது. – வாசகர், தொண்டி

புளூடூத்தே தாமதத்தைக் கூட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடும் மோதும். வயர் ஹெட்செட் போடுங்கள்.

கேள்வி: மாடியில் ஆன்டெனா வைத்துக் கேபிள் இறக்கியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குரல் கெட்டுப்போகிறது, பிளக்கைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது. – வாசகி, பாம்பன்

உப்புக் காற்று. பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள்: எட்டுப் பித்தளை நிறத் தகடுகளில் ஓரத்தில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருக்கும், அல்லது வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். கழற்றி மாட்டும்போது அது உரசிப்போவதால் சில வாரம் ஓடுகிறது. தொடர்பு நலிந்தால் பாக்கெட்டுகள் பிழையோடு வந்து வீசப்படும். ரவுட்டர் பக்கத்தில் போர்ட் வேகம் 1000-க்குப் பதில் 100 என்று காட்டினால் எட்டு இழையும் சேரவில்லை என்று அர்த்தம்.

பிளக்கை வெட்டி எறியுங்கள். உள்ளே செம்பு பளபளவென்று தெரியும்வரை, 5 முதல் 10 செ.மீ. கேபிளையும் வெட்டிவிட்டுப் புதுப் பிளக் அடியுங்கள். வெட்டிய முனை வெள்ளியாகத் தெரிந்தால் ஒரு கத்தியால் சுரண்டுங்கள். உள்ளும் வெள்ளையென்றால் அது செம்பு பூசிய அலுமினியம், முழுக் கேபிளையும் மாற்றியாக வேண்டும். வெளியில் இழுக்கக் கறுப்பு உறையுள்ள சுத்தச் செம்புக் கேபிள் வாங்குங்கள். ஆன்டெனாவுக்குள் நுழைவதற்கு முன் கேபிள் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பிளக்கின் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப்பை கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.